பழைய படகில் புதிய ஸ்டீரியோ: பெட்டியை விட வயரே முக்கியம்

ஒன்ராறியோவின் சிம்கோ ஏரியில் நாங்கள் ஓட்டும் படகு 1990களில் கட்டப்பட்டது. பத்தொன்பது அடி நீளம். முன்பகுதியில் திறந்த இருக்கைகள், பின்புறத்தில் மெத்தைக்கு அடியில் பெற்றோல் எஞ்சின். அடிக்கட்டும் எஞ்சினும் நல்ல நிலையில் இருந்தபோதிலும், டாஷ்போர்ட்டில் இருந்த கசெற் ஸ்டீரியோ தன் காலத்தை முடித்திருந்தது. திரையில் எழுத்துகள் தெரிவதில்லை. அலை தூக்கிப் போடும்போதெல்லாம் இடப்பக்க ஸ்பீக்கர்கள் அடங்கிவிடும். பொத்தான்களின் ரப்பர் பிசுபிசுத்துப் போயிருந்தது. இத்தகைய படகை வாங்கும் பலரும் முதலில் மாற்ற நினைப்பது இந்தப் பெட்டியைத்தான். கைபேசியிலிருந்து புளூடூத் வழியே பாட்டுக் கேட்க வேண்டும் என்ற ஆசையே அதற்குக் காரணம். எனக்கும் அதுவே காரணமாக இருந்தது. வேலையைச் செய்து முடித்தபின் எனக்கு உறுதியாகத் தோன்றுவது இது: பழைய படகில் ஸ்டீரியோ மாற்றுவது முதன்மையாக ஒரு மின்வேலை. புதிய பெட்டிக்கென ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியை வயருக்கும் பியூஸுக்கும் இணைப்பிகளுக்கும் திருப்பிவிடுவதுதான் இதில் எடுக்கக்கூடிய மிக நல்ல முடிவு.

கருவிப் பெட்டியைத் திறப்பதற்கு முன் பெற்றோல் ஆவியைப் பற்றி நினைக்க வேண்டும். அது காற்றை விடக் கனமானது. காரில் கீழே இறங்கிக் கலைந்துவிடும், படகில் அடித்தளத்தில் தேங்கி நிற்கும். பெற்றோல் எஞ்சின் உள்ளே அமைந்த படகுகளில் எஞ்சினை இயக்குமுன் காற்றூதியை நான்கு நிமிடம் ஓட்ட வேண்டும் என்ற எச்சரிக்கைப் பலகை ஸ்டீயரிங்கின் அருகே ஒட்டப்பட்டிருப்பதற்கும், எஞ்சின் அறையில் வைக்கும் மின்கருவிகள் ஆவியைப் பற்றவைக்காத வகையில் அமைந்திருக்க வேண்டும் என்று கனடியப் போக்குவரத்துத் திணைக்களத்தின் டி.பி. 1332 தரநூல் கேட்பதற்கும் காரணம் இதுதான். எனவே எஞ்சின் மூடியைத் திறந்து, காற்றூதியை நன்றாக ஓடவிட்டு, மூக்கால் முகர்ந்து பார்த்து, அதன்பிறகே பற்றறியின் எதிர்முனையைக் கழற்றினேன். சாதாரண கார் ஸ்டீரியோவையோ ஒலிபெருக்கியையோ (ஸ்பீக்கரை அல்ல, அம்ப்ளிஃபயரைச் சொல்கிறேன்) இடவசதி கருதி எஞ்சின் அறைக்குள் பொருத்துவோர் இருக்கிறார்கள். இடம் எவ்வளவு நெருக்கடியாக இருந்தாலும் அதைச் செய்யக் கூடாது.

பழைய பெட்டியை வெளியே இழுத்ததும் உண்மையான வேலை கண்ணில் பட்டது. முப்பது ஆண்டுகளில் கைமாறிய ஒரு படகின் டாஷ்போர்ட்டுக்குப் பின்னால், ஒவ்வொரு உரிமையாளரும் சேர்த்த வயர்கள் ஒன்றன் மேல் ஒன்றாகப் படிந்திருக்கின்றன. வீட்டுச் சுவரில் பயன்படுத்தும் முறுக்கு மூடிகள், பசையாய் உருகிய மின்நாடா, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரியாத இரண்டு மூன்று வயர்கள், இவற்றோடு பியூஸ் எதுவும் இல்லாமல் நேரே பற்றறிக்குச் செல்லும் ஒரு வயர். அந்தக் கடைசி வயர்தான் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது. அது எங்காவது உரசித் தோல் கிழிந்து எதிர்முனையைத் தொட்டால், பற்றறி தன் முழு வலுவையும் அந்த மெல்லிய செம்பினூடே பாய்ச்சும்; வயர் சிவந்து எரியும். அதன் அருகே பெற்றோல் குழாய் போகிறது.

எங்கள் மரீனாவில் பக்கத்துத் துறையில் படகு வைத்திருப்பவர் ஓய்வுபெற்ற மின்பணியாளர். நான் அண்ணை என்று அழைப்பவர். அந்த வயர்க் கூட்டத்தைப் பார்த்துவிட்டு அவர் சொன்ன முதல் வார்த்தை, “தம்பி, நிறத்தைப் பார்த்து ஒண்டையும் இணைக்காதை. மீற்றர் சொல்லுறதை மட்டும் நம்பு.” பொதுவான எச்சரிக்கையாகத்தான் அதை எடுத்துக்கொண்டேன். பிறகு உட்கார்ந்து இரண்டு நிற அட்டவணைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தபோதுதான் அதன் பொருள் முழுமையாக விளங்கியது.

கார் ஸ்டீரியோவுக்கு வட அமெரிக்காவில் ஏறக்குறைய எல்லா நிறுவனங்களும் பின்பற்றும் ஒரு நிற வரிசை உண்டு. மஞ்சள் எப்போதும் மின்சாரம் இருக்கும் நேர்முனை, சிவப்பு சாவியைத் திருப்பினால் மின்சாரம் வரும் நேர்முனை, கறுப்பு எதிர்முனை. வெள்ளை இணை முன் இடது ஸ்பீக்கருக்கும், சாம்பல் முன் வலதுக்கும், பச்சை பின் இடதுக்கும், ஊதா பின் வலதுக்கும் போகும். ஒவ்வோர் இணையிலும் கறுப்புக் கோடு உள்ள வயர் எதிர்முனை. படகுகளுக்கான ஸ்டீரியோவிலும் பெரும்பாலும் இதே வரிசைதான். ஆனால் படகின் சொந்த வயர்கள் ஏ.பி.வை.சி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் அமெரிக்கப் படகுப் பேரவையின் வேறொரு வரிசைப்படி அமைந்தவை. அதில் எதிர்முனை கறுப்பாகவும் இருக்கலாம், மஞ்சளாகவும் இருக்கலாம். துறையில் கட்டியிருக்கும்போது கரையிலிருந்து படகுக்கு எடுக்கும் மின்சாரத்தில் கறுப்பு உயிருள்ள வயர் என்பதால், குழப்பத்தைத் தவிர்க்க மஞ்சளைப் பயன்படுத்தும் வழக்கம் அங்கே உண்டு. ஊதா என்பது சாவிச் சுவிச்சிலிருந்து வரும் 12 வோல்ற் நேர்முனை. சாம்பல் எஞ்சினின் சுழற்சிமானிக்கும் வழிகாட்டி விளக்குகளுக்கும் உரியது. பச்சை உலோகப் பாகங்களை ஒன்றோடொன்று பிணைக்கும் வயர்.

இரண்டு அட்டவணைகளும் எங்கெங்கே மோதுகின்றன என்று பாருங்கள். ஸ்டீரியோவின் ஊதாவை, நிறம் பொருந்துகிறதே என்று படகின் ஊதாவோடு இணைத்தால், ஸ்பீக்கருக்குப் போக வேண்டிய வயரில் 12 வோல்ற் ஏறி, புதிய பெட்டியின் ஒலிபெருக்கிச் சில்லு அந்த நொடியிலேயே பழுதாகிவிடும். பணம் போகும், அவ்வளவுதான். மஞ்சள் அதைவிட ஆபத்தானது. பழைய ஸ்டீரியோவிலிருந்து அறுபட்டு நிற்கும் மஞ்சள் வால் பற்றறியோடு நேரே இணைந்து உயிருடன் இருக்கலாம். படகின் நிற வரிசையை அறிந்த ஒருவர் அதை எதிர்முனை என்று கருதிப் பொது எதிர்முனைப் பட்டையில் திருகினால் அது நேரடி மின்குறுக்கு. எங்கள் படகில் பியூஸ் இல்லாமல் பற்றறிக்குப் போன வயர் மஞ்சள் நிறத்தில்தான் இருந்தது.

ஆகையால் எந்த வயரையும் நிறத்தால் பெயரிடாமல், ஒவ்வொன்றையும் மீற்றரால் சோதித்துப் பெயரிட்டேன். அறுந்த முனைகளை எல்லாம் ஒன்றையொன்று தொடாதபடி பிரித்து வைத்து, பற்றறியை மீண்டும் இணைத்து, சாவி அணைந்திருக்கும்போது எதில் 12 வோல்ற் தெரிகிறது, சாவியைத் திருப்பினால் எதில் தெரிகிறது என்று பார்த்துச் சீட்டு ஒட்ட வேண்டும். பிறகு பற்றறியை மறுபடி கழற்றிவிட்டு, மீதி வயர்களில் தடை அளக்க வேண்டும். ஸ்பீக்கர் இணை ஒன்றில் மீற்றர் மூன்றிலிருந்து நான்கு ஓம் வரை காட்டினால் சுருள் உயிரோடு இருக்கிறது என்று பொருள். எல்லையற்ற தடை காட்டினால் எங்கோ அறுந்திருக்கிறது. எங்கள் இடப்பக்க ஸ்பீக்கர்கள் அடங்கிப்போனதற்குக் காரணம் பெட்டியில் இல்லை என்பது இந்தச் சோதனையில்தான் தெரிந்தது. முறுக்கு மூடிக்குள் செம்பு பச்சைத் தூளாகியிருந்தது. பெட்டியை மட்டும் மாற்றியிருந்தால் அதே குறை புதிய பெட்டியிலும் தொடர்ந்திருக்கும்.

செம்பு இப்படி அரிப்பதால்தான் படகுக்கு வெள்ளீயம் பூசிய செம்பு வயரை வாங்கச் சொல்கிறார்கள். நன்னீர் ஏரியில் இது தேவையா என்று கேட்பவர்கள் உண்டு. உப்புநீரில் அரிப்பு விரைவாக நடக்கும், நன்னீரில் மெதுவாக நடக்கும். ஆனால் மூடிய டாஷ்போர்ட்டுக்குள் ஈரம் குளிர்ந்து படிவது எந்த ஏரியிலும் நடப்பதுதான். விலை வேறுபாடு சிறியது, வயரை மறுபடி இழுக்கும் உழைப்பு பெரியது. பழைய வயரை நீட்டிப் பயன்படுத்தாமல், பின்புறத்துப் பற்றறியிலிருந்து டாஷ்போர்ட் வரை சிவப்பும் கறுப்புமாகப் புதிய இணை ஒன்றை இழுப்பதென்று முடிவு செய்தேன்.

எவ்வளவு தடித்த வயர் வேண்டும் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. பற்றறியிலிருந்து டாஷ்போர்ட்டுக்கு 5 மீற்றர் என்றால், மின்சாரம் போய்த் திரும்பும் தூரம் 10 மீற்றர். வயரின் தடிப்பைக் கேஜ் எண்ணால் சொல்வார்கள், எண் குறையக் குறைய வயர் தடிக்கும். 16 கேஜ் வயரின் தடை மீற்றருக்கு ஏறத்தாழ 0.013 ஓம்; 10 அம்பியர் ஓடினால் 1.3 வோல்ற் வழியிலேயே போய்விடும். அது 12 வோல்ற்றில் பத்து வீதத்துக்கும் மேல். அவசியமற்ற கருவிகளுக்குக்கூட ஏ.பி.வை.சி. ஒப்பும் எல்லை பத்து வீதம்தான். 14 கேஜ் என்றால் இழப்பு 0.8 வோல்ற் அளவுக்குக் குறைகிறது. நான் 12 கேஜ் எடுத்தேன், பின்னாளில் சிறிய ஒலிபெருக்கி சேர்த்தாலும் வயர் போதும் என்பதற்காக. பியூஸைப் பொறுத்தவரை விதி எளியது: மின்சாரம் தொடங்கும் இடத்திலிருந்து 7 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். பற்றறி முனையிலேயே தொடங்கி, முழுவதும் உறைக்குள் போகும் வயருக்கு மட்டும் 72 அங்குலம் வரை சலுகை உண்டு. பெட்டியின் முதுகிலேயே ஒரு பியூஸ் இருக்கிறதே என்பது பதிலாகாது. அது பெட்டியைக் காக்கும். பற்றறிக்கும் பெட்டிக்கும் இடையிலுள்ள வயரைக் காப்பதற்குப் பற்றறியருகே தனிப் பியூஸ் வேண்டும்.

இணைப்புகளை நசுக்கியே செய்தேன், உள்ளே பசை பூசிய சுருங்கும் உறையுடைய இணைப்பிகளைக் கொண்டு. ஈயப்பற்று மட்டுமே வயரைப் பிடித்திருக்கும் இணைப்பு படகில் ஏற்கத்தக்கதல்ல. பற்று முடியும் இடத்தில் வயர் விறைத்து, அலையின் அதிர்வில் அங்கேயே முறியும். நசுக்கும் கருவி நல்லதாக இருக்க வேண்டும். முழுவதும் நசுங்கும்வரை கைப்பிடியை விடாத வகை கிடைக்கிறது, அதற்குக் கொடுக்கும் விலை வீண்போகாது. நசுக்கியபின் ஒவ்வொன்றையும் கையால் வலுவாக இழுத்துப் பார்க்க வேண்டும். வயர்களை 18 அங்குலத்துக்கு ஒருமுறை பிடிப்பியால் கட்டினேன். கடைசியில், எந்த வயர் எங்கே போகிறது என்று வரைந்து, நெகிழித்தாள் உறையிலிட்டு, டாஷ்போர்ட்டின் உட்புறத்தில் ஒட்டியிருக்கிறேன்.

எப்போதும் மின்சாரம் கேட்கும் மஞ்சள் வயரை என்ன செய்வது என்பது படகில் தனிக் கேள்வி. காரில் அது நேரத்தையும் நிலையங்களையும் நினைவில் வைத்திருக்க உதவுகிறது. கார் தினமும் ஓடுவதால் அந்தச் சிறு கசிவை யாரும் உணர்வதில்லை. படகோ வாரக் கணக்கில் துறையில் கட்டிக் கிடக்கும். புதிய பெட்டிகளில் பல, மின்சாரம் இல்லாமலே அமைப்புகளை நினைவில் வைத்துக்கொள்கின்றன. கையேட்டில் அதை உறுதிசெய்துகொண்டு, மஞ்சளையும் சிவப்பையும் சேர்த்து ஒரே சுவிச்சின் கீழ்க் கொண்டுவந்தேன். நங்கூரமிட்டுப் பாட்டுக் கேட்கும் பழக்கம் உள்ளவர்கள் இரண்டு பற்றறிகள் வைத்து, ஸ்டீரியோவை எஞ்சின் இயக்கும் பற்றறியிலிருந்து பிரித்துவிட வேண்டும் என்பது என் திடமான கருத்து. ஓய்வில் இருக்கும் ஈயஅமிலப் பற்றறி 12.6 வோல்ற் காட்டினால் நிறைந்திருக்கிறது, 12.2 காட்டினால் ஏறக்குறைய பாதி. சிம்கோ ஏரி ஆழம் குறைந்த குக்ஸ் குடாவில் அமைதியாகத் தோன்றினாலும், காற்று மாறினால் நடு ஏரியில் அலை விரைவாக எழும். அந்த நேரத்தில் எஞ்சின் உடனே இயங்க வேண்டும்.

பெட்டியைத் தேர்ந்தெடுப்பது இவற்றுக்குப் பிறகே வந்தது, அதில் சொல்ல அதிகம் இல்லை. 1990களின் படகுகளில் பெரும்பாலும் இருப்பது டின் எனப்படும் அளவு: ஏறத்தாழ 182 மில்லிமீற்றர் அகலம், 53 மில்லிமீற்றர் உயரம். இன்றைய பெட்டிகள் பலவும் அதே ஓட்டையில் அமரும். அதற்கு முந்திய படகுகளில் இரு பக்கமும் திருகு குமிழ்கள் உள்ள வகை இருந்தால் மறைப்புப் பலகை ஒன்று வெட்ட வேண்டியிருக்கும். அகலத்தை விடப் பின்புற ஆழத்தை அளப்பது முக்கியம், ஏனெனில் ஸ்டீயரிங் கேபிள் வளைந்து போகும் இடம் அதுதான். கசெற், சிடி பொறி இல்லாத ஆழம் குறைந்த பெட்டிகள் இங்கே உதவுகின்றன. படகுக்கென்று செய்யப்பட்ட பெட்டிக்கு விலை கூடுதல். மின்சுற்றுப் பலகையின் மேல் ஈரம் தாக்காத பூச்சு, வெயிலில் வெளிறாத முகப்பு, நீர் புகாமைக்கான ஐ.பி.எக்ஸ். தரம் ஆகிய மூன்றும் உண்மையில் இருந்தால் அந்த விலை தகும். முகப்புக்கு ஐ.பி.எக்ஸ். தரம் இருப்பது முதுகுக்கும் இருப்பதாகாது என்பதையும் பார்த்து வாங்க வேண்டும்.

அட்டையில் அச்சிட்ட ‘50 வாட் × 4’ என்பதைப் பொருட்படுத்தத் தேவையில்லை. எஞ்சின் ஓடும்போது கிடைக்கும் 14.4 வோல்ற்றைக் கொண்டு, மின்னழுத்தத்தை உயர்த்தும் சுற்று இல்லாத பெட்டி ஒன்று, 4 ஓம் ஸ்பீக்கருக்குச் சிதைவில்லாமல் கொடுக்கக்கூடிய உச்சம் 26 வாட் அளவு. நடைமுறையில் 20 வாட்டை ஒட்டியே இருக்கும். திறந்த படகில் எஞ்சின் சத்தத்துக்கு மேல் கேட்க அது தடுமாறும், நின்றிருக்கும்போது தாராளமாகப் போதும். எனக்கு நின்றிருக்கும்போது கேட்டால் போதும் என்பதால் தனி ஒலிபெருக்கி வாங்கவில்லை.

ஸ்பீக்கர்களில் இரண்டு செய்திகள் முக்கியமானவை. மிகப் பழைய அமைப்புகளில் எல்லா ஸ்பீக்கர்களின் எதிர்முனையும் ஒரே வயரில் சேர்ந்து, படகின் பொது எதிர்முனைக்குப் போயிருக்கும். இன்றைய பெட்டிகளில் ஸ்பீக்கரின் இரு வயர்களுமே இயக்கப்படுபவை. எதிர்முனையைப் பொது எதிர்முனையோடு சேர்த்தால் பெட்டி தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும் அல்லது பழுதாகும். ஆகவே ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனியே இரண்டு வயர்கள் வேண்டும். எது நேர், எது எதிர் என்று தெரியாவிட்டால் 1.5 வோல்ற் சிறு பற்றறி ஒன்றை நொடிப்பொழுது தொட்டுப் பாருங்கள். கூம்பு வெளியே தள்ளினால் பற்றறியின் நேர்முனை தொட்டது ஸ்பீக்கரின் நேர்முனை. ஒரு ஸ்பீக்கர் மட்டும் தலைகீழாக இணைந்திருந்தால் தாழ்சுரம் மெலிந்துபோகும், குறையை வேறெங்கோ தேடிக்கொண்டிருப்போம்.

புதிய ஓட்டை வெட்டுவதைக் கூடியவரை தவிர்க்க வேண்டும். பக்கச் சுவருக்குப் பின்னால் பெற்றோல் நிரப்பும் குழாயும் ஆவிக் குழாயும் செல்கின்றன. 6 மீற்றருக்கு உட்பட்ட படகுகளில் நீர் நிரம்பினாலும் மிதக்கச் செய்யும் நுரையும் அங்கே இருக்கலாம், அதைச் சுரண்டி எடுக்கக் கூடாது. பழைய ஆறரை அங்குல ஓட்டைகளிலேயே புதியவற்றைப் பொருத்தினேன். திருகாணித் துளை ஒன்றை மாற்ற நேர்ந்த இடத்தில், மேற்பூச்சில் நாடா ஒட்டி, முதலில் துளைப்பானைப் பின்னோக்கிச் சுழற்றித் துளைத்தால் பூச்சு சிதறுவதில்லை. துளைக்குள் ஒட்டுபலகை தெரிந்தால் அதை அடைப்புப் பசையால் மூடிவிட வேண்டும். ஃபைபர்கிளாஸ் படகுகளை உள்ளிருந்து அழிப்பது இப்படி நுழையும் நீர்தான்.

ஸ்பீக்கரின் காந்தம் திசைகாட்டியை இழுக்கும். டாஷ்போர்ட்டில் திசைகாட்டி இருந்தால், படகு கட்டியிருக்கும்போது ஸ்பீக்கரை அதன் இடத்தில் பிடித்தும் விலக்கியும் முள் அசைகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் திருகாணி போட வேண்டும். பெட்டியை அணைத்தும் ஒலிக்கவிட்டும் அதே சோதனையைச் செய்யலாம். வானொலி அலையை வாங்கும் கம்பியிலும் (அன்டெனாவிலும்) காருக்கும் படகுக்கும் வேறுபாடு உண்டு. காரின் உலோகக் கூடு கம்பிக்குத் துணையாகிறது, ஃபைபர்கிளாஸில் அந்தத் துணை இல்லை. அதனால் தனித்து இயங்கும் படகுக் கம்பி வாங்க வேண்டும். வட அமெரிக்கப் படகு ஸ்டீரியோக்கள் பலவற்றில் 162.400 முதல் 162.550 மெகாஹேர்ட்ஸ் வரையான ஏழு வானிலை அலைவரிசைகளும் இருக்கின்றன.

பாதுகாப்புக்கான வி.எச்.எஃப். வானொலி, அதாவது மற்றப் படகுகளோடும் கரையோடும் பேசும் கருவி, உள்ளவர்கள் இன்னொன்றையும் சோதிக்க வேண்டும். புதிய பெட்டியின் மின்சுற்று இரைச்சலை உமிழலாம். வி.எச்.எஃப். கருவியில் இரைச்சல் தடுப்பை முழுவதும் திறந்துவிட்டு, ஸ்டீரியோவை அணைத்தும் இயக்கியும் கேட்டுப் பாருங்கள். இரைச்சலின் தன்மை மாறினால் மெல்லிய அழைப்புகள் அதில் மூழ்கிப்போகும். ஸ்டீரியோ வயரையும் வி.எச்.எஃப். கம்பி வயரையும் பிரித்து இழுப்பது, மின்வயரில் ஃபெரைட் வளையம் போடுவது ஆகிய இரண்டும் எங்களுக்குப் போதுமாயின. 16ஆம் சானலில் வரும் உதவி அழைப்பு கேட்காத படகில் பாட்டு எவ்வளவு தெளிவாகக் கேட்டும் பயனில்லை.

ஒலியின் அளவைப் பற்றியும் எனக்குக் கண்டிப்பான கருத்து உண்டு. மாலையில் ஏரிநீரை ஒட்டிய காற்று குளிர்ந்தும் மேலே உள்ள காற்று சூடாகவும் இருக்கும்போது, மேலே போக வேண்டிய ஒலி வளைந்து நீருக்கே திரும்பி, பகலில் எட்டாத தூரத்துக்கும் போகிறது. படகில் மிதமாகக் கேட்கும் பாட்டு கரையிலுள்ள வீட்டு முற்றத்தில் சொல் சொல்லாகக் கேட்கும். அத்துடன், கயிற்றில் ஒருவரை இழுத்துச் செல்லும்போது பின்னால் பார்த்துச் சொல்ல இன்னொருவர் படகில் இருக்க வேண்டும் என்பது கனடாவில் சட்டம். அவருடைய குரல் ஓட்டுபவரை எட்ட வேண்டும். பல பெட்டிகளில் உச்ச ஒலியளவைக் கட்டுப்படுத்தும் அமைப்பு உண்டு. ஒருவர் பின்னிருக்கையில் இருந்து சாதாரணமாகக் கூப்பிட, இன்னொருவர் ஸ்டீயரிங்கில் அமர்ந்து கேட்டுப் பார்த்து, குரல் தெளிவாகக் கேட்கும் அளவில் அந்த உச்சத்தை நிறுத்திவிடுங்கள். எங்கள் படகில் பிள்ளைகள் யார் வந்து திருகினாலும் ஒலி அதற்கு மேல் போகாது.